தழுவல் திரைப்படத்தில் இனமும் நடிகர் தேர்வும்: ‘தி குட் எர்த்’ (1937) படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாவல் திரைப்படமாகத் தழுவப்படும்போது கதை நிகழ்வுகளில் நேரும் மாற்றங்களே பெரும்பாலும் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. பாத்திரத்தை ஏற்று நடிப்பவர் எவ்வினத்தவர் என்பதும் தழுவலின் பொருளைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்றாகும். பேர்ல் எஸ். பக் எழுதிய ‘தி குட் எர்த்’ நாவலை மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் (எம்.ஜி.எம்.) நிறுவனம் 1937 இல் திரைப்படமாக்கியபோது சீனக் குடும்பமொன்றின் தலைமைப் பாத்திரங்களில் ஐரோப்பிய மரபினர் நடித்தனர். சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங்கிற்கு நாயகிப் பாத்திரம் கிடைக்கவில்லை. அக்காலத் தணிக்கை விதியே இதற்குக் காரணம் என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. அவ்விளக்கம் முழுமையானதன்று என்பதையும், பார்வையாளரின் இரக்கத்திற்குரிய பாத்திரம் எது, அவ்விரக்கத்திற்குப் புறம்பான பாத்திரம் எது என்ற பாகுபாட்டிற்கு ஏற்பவே இனவழி நடிகர் தேர்வு இயங்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், நடிகர் தேர்வு, இனப் பிரதிநிதித்துவம், மஞ்சள்முக ஒப்பனை, தணிக்கை விதி, அன்னா மே வோங், மெய்ப்பாடு.

முன்னுரை

எழுத்தில் வாழும் பாத்திரத்திற்கு நிலையான முகம் இல்லை. ஆசிரியர் தரும் வருணனையைக் கொண்டு வாசகர் தத்தம் மனத்தில் ஒரு முகத்தை அமைத்துக்கொள்கிறார். திரைப்படத்திலோ அப்பாத்திரம் குறிப்பிட்ட ஒரு நடிகரின் உடலோடும் குரலோடும் மட்டுமே பார்வையாளர் முன் தோன்ற இயலும். ஆகவே நடிகர் தேர்வு படத்தயாரிப்பின் நிர்வாகப் பணியாக மட்டும் அமைவதில்லை. மூலநூலுக்குத் திரைப்படம் எழுதும் முதல் உரையாகவே அதனைக் கொள்ள வேண்டும். திரைக்கதையின் முதல் வசனம் பேசப்படுவதற்கு முன்பே ஒரு பாத்திரம் யாருடையது, யாருடன் பார்வையாளர் தம்மை ஒன்றுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பன போன்ற முடிவுகளை அத்தேர்வு எடுத்துவிடுகிறது.

ஹாலிவுட் திரைப்பட வரலாற்றில் ஆசியப் பாத்திரங்களை ஒப்பனையின் துணைகொண்டு வெள்ளையின நடிகர்கள் ஏற்று நடித்த வழக்கம் நெடுங்காலம் நிலவியது. திரைப்பட ஆய்வாளர்கள் இதனை ‘மஞ்சள்முக ஒப்பனை’ என்று குறிப்பர். இவ்வழக்கத்தை விளக்கும் எடுத்துக்காட்டுகளுள் முதன்மையானது ‘தி குட் எர்த்’. இப்படம் சீனரை இழிவுபடுத்தும் நோக்கில் எடுக்கப்பட்டதன்று. மாறாக, சீன உழவர் வாழ்வை மதிப்போடு காட்ட வேண்டும் என்ற விருப்பத்தோடு உருவாக்கப்பட்டது. நல்லெண்ணம் கொண்ட ஒரு படத்திலும் இனப் பாகுபாடு எவ்வாறு இயங்கியது என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகிறது.

நாவலும் மேடையும்

பேர்ல் எஸ். பக் 1892 இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். சமயப் பணியாளர்களான பெற்றோருடன் குழந்தைப் பருவத்திலேயே சீனா சென்று அங்கு வளர்ந்தவர். அவரது ‘தி குட் எர்த்’ நாவல் 1931 இல் வெளிவந்து 1932 இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1938 இல் அவருக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாங் லங் என்னும் ஏழை உழவன், ஹுவாங் என்னும் செல்வர் வீட்டில் அடிமையாக இருந்த ஓ-லானை மணந்துகொள்வதில் நாவல் தொடங்குகிறது. இருவரும் உழைத்து நிலம் வாங்குகின்றனர். பஞ்சம் அவர்களைத் தெற்கு நோக்கி நகரத்திற்கு விரட்டுகிறது. அங்கு நேர்ந்த கலவரத்தில் கைக்குக் கிடைத்த செல்வத்தோடு ஊர் திரும்பி மேலும் நிலம் வாங்கி வாங் லங் செல்வனாகிறான். செல்வம் பெருகியபின் தேநீர் விடுதியில் கண்ட லோட்டஸ் என்னும் பெண்ணை வீட்டிற்குக் கொண்டுவருகிறான். ஓ-லான் தனக்கென்று வைத்துக்கொண்ட இரண்டு முத்துக்களையும் வாங்கி அவளுக்குக் கொடுக்கிறான். ஓ-லானின் இறப்பிற்குப் பின்னும் கதை நீண்டு, நிலத்தை விற்க எண்ணும் மகன்களின் பேச்சோடு முடிகிறது.

இந்நாவல் திரைக்கு வருமுன் மேடைக்கு வந்தது. நியூயார்க்கின் தியேட்டர் கில்டு 1932 இல் இதனை நாடகமாக அரங்கேற்றியது. அதில் ஓ-லானாக நடித்தவர் உருசியப் பேரரசில் பிறந்த அல்லா நசிமோவா. வாங் லங்காக நடித்தவர் ஆங்கிலேயரான கிளாட் ரெய்ன்ஸ். பின்னர் எழும் விவாதத்திற்கு இச்செய்தி இன்றியமையாதது. திரைப்படத் தணிக்கை விதிக்கு மேடை கட்டுப்பட்டதன்று. விதி இல்லாத இடத்திலும் தலைமைப் பாத்திரங்களுக்குச் சீனர் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

பொருள்களின் மெய்ம்மையும் முகங்களின் மாற்றும்

எம்.ஜி.எம். நிறுவனத்தில் இப்படத்தின் தயாரிப்பை இர்விங் தால்பெர்க் மேற்கொண்டார். ஆல்பர்ட் லெவின் துணைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். சிட்னி பிராங்க்ளின் இயக்கினார். கார்ல் பிராய்ண்ட் ஒளிப்பதிவு செய்தார். தால்பெர்க் 1936 செப்டம்பரில் இறந்தார். 1937 சனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இப்படம் அவரது நினைவிற்குக் காணிக்கையாக்கப்பட்டது.

படம் மெய்யான சீனாவைக் காட்ட வேண்டும் என்பதில் நிறுவனம் மிகுந்த அக்கறை கொண்டிருந்தது. படப்பிடிப்புக் குழு சீனாவுக்கு அனுப்பப்பட்டது. உழவுக் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் அங்கிருந்து வரவழைக்கப்பட்டன. கலிபோர்னியாவின் சாட்ஸ்வர்த் பகுதியில் குன்றுச்சரிவுகளைப் படிப்படியாகத் திருத்திச் சீன வயல்வெளி உருவாக்கப்பட்டது. சீனாவை இழிவாகக் காட்டும் படங்களின்மேல் முன்பே சினங்கொண்டிருந்த நான்கிங் அரசும் இப்படம் குறித்து நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. சீனாவையும் அதன் மக்களையும் பற்றி உண்மையான, நல்ல சித்திரத்தைப் படம் தர வேண்டும், தன் சார்பில் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பன அவ்வரசின் எதிர்பார்ப்புகள். நடிகர் அனைவரும் சீனராக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் அது தெரிவித்திருந்தது. நாவலாசிரியர் பக்கின் விருப்பமும் அதுவே.

ஆயினும் வாங் லங்காகப் பால் முனியும் ஓ-லானாக லூயிஸ் ரைனரும் நடித்தனர். லோட்டஸாக வியன்னாவைச் சேர்ந்த நடனக் கலைஞர் டில்லி லாஷும், வாங் லங்கின் முதிய தந்தையாகச் சார்லி கிரேப்வினும், சிற்றப்பனாக வால்டர் கானலியும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீன மரபினரான சூ யோங் சிற்றன்னையாகவும் கீ லூக் மூத்த மகனாகவும் நடித்தனர். பஞ்சக் காட்சிகளிலும் கலவரக் காட்சிகளிலும் கூட்டமாகத் தோன்றியோர் சீன அமெரிக்கர்.

இத்தேர்வில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கலப்பை சீனத்தது, பின்னணியில் ஓடும் மக்கள் சீனர், துணைப் பாத்திரங்களுள் சிலர் சீனர். ஒளிப்படக்கருவி நெருங்கிச் சென்று முகத்தின் உணர்ச்சியைப் பார்வையாளருக்குக் காட்டும் இடத்தில் மட்டும் முகம் மாறிவிடுகிறது. பொருள்களின் மெய்ம்மை தேடிச் சேர்க்கப்பட்டதற்கும் முகங்களின் மெய்ம்மை கைவிடப்பட்டதற்கும் இடையே முரண் இருப்பதாக நிறுவனம் கருதவில்லை. சூழல் மெய்யாக இருந்தால் அதன் நடுவே நிற்கும் ஒப்பனை முகமும் மெய்யாகத் தோன்றும் என்பதே அதன் நம்பிக்கை. சீனச் சூழலும் சீனக் கூட்டமும் இவ்வகையில் வெள்ளையின நடிகரின் நடிப்பிற்குச் சான்று கூறும் பின்புலமாகப் பயன்பட்டன.

தணிக்கை விதியும் அதன் எல்லையும்

வோங்கிற்கு ஓ-லான் பாத்திரம் கிடைக்காமைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் திரைப்படத் தயாரிப்பு விதித்தொகுப்பு ஆகும். 1930 இல் ஏற்கப்பட்ட இவ்விதித்தொகுப்பு, 1934 முதல் ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகத்தின் வழியே கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இனக்கலப்பைத் திரையில் காட்டுவதை அது தடைசெய்தது. விதியின் வாசகம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான பாலுறவையே குறிப்பிட்டது. நடைமுறையில் ஆசியருக்கும் அத்தடை நீட்டிக்கப்பட்டது. வாங் லங்காக வெள்ளையினத்தவரான முனி தேர்ந்தெடுக்கப்பட்டபின் அவரது மனைவியாகச் சீன மரபினர் ஒருவர் நடித்தால் அது இனக்கலப்பாகக் கருதப்படும். ஆகவே வோங்கிற்கு வாய்ப்பு இல்லாமற்போயிற்று என்பதே வழக்கமான விளக்கம்.

இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. விதித்தொகுப்பு தனித்து நின்றதன்று. சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுத்து 1882 இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன் தொடர்ச்சிகளும் 1943 வரை நடப்பில் இருந்தன. கலிபோர்னிய மாநிலச் சட்டம், வெள்ளையருக்கும் ‘மங்கோலியர்’ என்று அது வகைப்படுத்தியோருக்கும் இடையிலான திருமணத்தை ஏற்கவில்லை. அம்மாநில உச்ச நீதிமன்றம் 1948 இல்தான் அத்தடையைச் செல்லாததாக்கியது. படத்தைத் தயாரித்த மாநிலத்தில் முனியும் வோங்கும் திருமணம் செய்துகொள்ள இயலாத காலம் அது. நிலத்தில் விலக்கப்பட்ட உறவு திரையிலும் விலக்கப்பட்டது.

எனினும் மூன்று செய்திகள் இவ்விளக்கத்தின் போதாமையைக் காட்டுகின்றன.

முதலாவது, காலம். விதித்தொகுப்பு கண்டிப்புடன் செயற்படத் தொடங்கியது 1934 இல். மேற்கூறிய நாடகம் 1932 இல் அரங்கேறியது. அதே ஆண்டில் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘தி சன்-டாட்டர்’ படத்தில் சீனக் காதலர்களாக ஹெலன் ஹேஸும் ரமோன் நோவாரோவும் நடித்தனர். விதி இறுகுவதற்கு முன்பே வழக்கம் வேரூன்றியிருந்தது.

இரண்டாவது, வரிசை. முனி தேர்ந்தெடுக்கப்பட்டமையால் வோங் விலக்கப்பட்டார் என்று கூறும்போது, முனி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற வினா எழாமலே போகிறது. வாங் லங்காகச் சீன நடிகர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தால் வோங்கை விலக்க விதிக்கு இடமே இருந்திருக்காது. முதல் தேர்வு நிறுவனத்தின் விருப்பம். அடுத்து வந்த தேர்வுகள் மட்டுமே விதியின் விளைவு எனக் கூறத்தக்கவை. ஒரு பாத்திரத்திற்கான தேர்வு மற்றப் பாத்திரங்களின் வாயிலையும் அடைத்துவிடுகிறது.

மூன்றாவது, லோட்டஸ். இது தனியே விரித்து ஆராயத்தக்கது.

மனைவியும் காமக்கிழத்தியும்

அன்னா மே வோங் 1905 இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சலவை நிலையம் நடத்திய குடும்பத்தின் மகள். ‘தி டோல் ஆப் தி சீ’ (1922) படத்தில் தலைமைப் பாத்திரமும், ‘தி தீப் ஆப் பாக்தாத்’ (1924) படத்தில் துணைப் பாத்திரமும் ஏற்றவர். ஐரோப்பாவிலும் புகழ்பெற்றவர். ‘பிக்காடில்லி’ (1929), ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ (1932) ஆகியவை அவரது குறிப்பிடத்தக்க படங்கள். பேசாப் படக்காலத்தில் முகக்குறிப்பாலும் உடலசைவாலும் உணர்ச்சியை வெளிப்படுத்திப் பயின்றவர். ஓ-லான் மிகக் குறைவாகப் பேசும் பாத்திரம் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

நிறுவனம் வோங்கை 1935 இன் இறுதியில் திரைச் சோதனைக்கு அழைத்தது. அழைத்தது ஓ-லான் பாத்திரத்திற்கன்று, லோட்டஸ் பாத்திரத்திற்கே. லெவினின் அலுவலகக் குறிப்பு, வோங்கின் தோற்றம் ஏமாற்றம் தருவதாகவும், வாங் லங்கின் மோகத்தை நம்பச் செய்யும் அளவிற்கு அவர் அழகாகத் தோன்றவில்லை என்றும், எனினும் பரிசீலனைக்குரியவர் என்றும் பதிவு செய்கிறது. வோங்கின் நிலைப்பாடும் வெளிப்படையானது. ஓ-லானாக நடிக்க வாய்ப்பளித்தால் மகிழ்வோடு ஏற்பதாகவும், சீனக் குருதியுடைய தம்மை, அமெரிக்கர் அனைவரும் சீனராக நடிக்கும் படத்தில் இரக்கத்திற்குரியதல்லாத ஒரே பாத்திரத்தை ஏற்கச் சொல்வதை ஒப்ப இயலாது எனவும் அவர் தெரிவித்தார்.

லோட்டஸும் வாங் லங்கோடு பாலுறவு கொண்ட பாத்திரமே. முனியின் மனைவியாகச் சீனப்பெண் நடிப்பது இனக்கலப்பு என்றால், முனியின் காமக்கிழத்தியாக நடிப்பதும் இனக்கலப்பே ஆகும். ஆனால் நிறுவனம் அப்பாத்திரத்திற்கு வோங்கைச் சோதித்துப் பரிசீலித்தது. லெவினின் குறிப்பு எழுப்பிய ஐயமும் விதியைப் பற்றியதன்று, அழகைப் பற்றியது. மனைவிக்கு மூடப்பட்டிருந்த கதவு காமக்கிழத்திக்குச் சற்றே திறந்திருந்தது. விதி ஒன்றே காரணம் எனில் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

கீ லூக்கின் நிலையும் ஒப்பிடத்தக்கது. எர்ல் டெர் பிக்கர்ஸின் நாவல்களிலிருந்து தோன்றிய சார்லி சான் படங்களில் சுவீடன் நாட்டில் பிறந்த வார்னர் ஓலண்ட் சீனத் துப்பறிவாளராக நடித்தார். அவருடைய மகனாக 1935 முதல் கீ லூக் நடித்தார். ‘தி குட் எர்த்’ படத்திலும் முனி, ரைனர் இணையரின் மகன் அவரே. வெள்ளையினப் பெற்றோருக்குச் சீன மகன் பிறப்பதை ஏற்றுக்கொண்ட திரை, வெள்ளையினக் கணவனுக்குச் சீன மனைவி அமைவதை ஏற்கவில்லை. மெய்ம்மை பற்றிய அக்கறை இத்தேர்வுகளை வழிநடத்தவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அழுகை என்னும் மெய்ப்பாடும் ஓ-லானின் இடமும்

ஓ-லான் பாத்திரத்தின் மதிப்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொண்டு அளந்து காணலாம். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுக்கிறார். ஓ-லானின் வாழ்வில் இந்நான்கும் அமைந்துள்ளன. பிறர் வீட்டில் அடிமையாக இருந்ததும், கணவன் மற்றொருத்தியைக் கொணர்ந்தபோது புறக்கணிக்கப்பட்டதும் இளிவு. குழந்தையைப் பறிகொடுத்தது இழவு. நோயுற்றுத் தளர்ந்தது அசைவு. பஞ்சத்தில் மண்ணையும் உண்ண நேர்ந்தது வறுமை. இத்துணைப் பெருந்துயரைப் பெரிதும் பேச்சின்றித் தாங்கும் பாத்திரம் ஆதலின் பார்வையாளரின் இரக்கம் முழுதும் அவள்பால் குவிகிறது.

திரைக்கதை செய்த மாற்றங்கள் இக்குவிப்பை மேலும் மிகுவித்தன. நாவலில் வாங் லங்கின் முதுமையில் இடம்பெறும் பேர் பிளாசம் என்னும் இளம்பெண் படத்தில் இல்லை. வெட்டுக்கிளிக் கூட்டத்தை எதிர்த்த போராட்டம் படத்தின் உச்சக்காட்சியாகிறது. கணவன் மீண்டும் மனைவிபால் திரும்புகிறான். நாவல் ஓ-லானின் இறப்பைக் கடந்து நீள, படம் அவளது இறப்போடு முடிந்துவிடுகிறது. மூன்று தலைமுறைகளின் கதையாக விரிந்த நாவல், ஒரு கணவன் மனைவியின் கதையாகச் சுருங்கி, மனைவியை நிலத்தோடு ஒப்பவைத்து நிறைவுறுகிறது. இச்சுருக்கத்தில் லோட்டஸ் இல்லறத்தைக் குலைக்க வரும் தீங்காக மட்டுமே எஞ்சுகிறாள்.

கதை மாற்றமும் நடிகர் தேர்வும் தனித்தனியே நிகழ்ந்தவை போலத் தோன்றினும் ஒரே திசையில் செயற்பட்டுள்ளன. இரக்கம் முழுவதும் ஓ-லானிடம் திரட்டப்பட்டது. அவ்வாறு திரட்டப்பட்ட இரக்கம் ரைனரின் முகத்தில் வைக்கப்பட்டது. எஞ்சிய வெறுப்பைத் தாங்கும் பாத்திரத்திற்கே வோங் அழைக்கப்பட்டார். அமெரிக்கப் பார்வையாளர் சீனப் பெண் ஒருத்தியின் துயருக்குக் கண்ணீர் விடுவர். ஆனால் அத்துயரைச் சீன முகத்தில் காண ஒப்பமாட்டார்கள் என்பதே நிறுவனத்தின் கணிப்பு. அக்கணிப்பு சரியா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அது யாருக்கும் அளிக்கவில்லை. இறுதியில் லோட்டஸ் பாத்திரமும் வோங்கிற்கு உரியதாகவில்லை.

இரு மறுப்புகள்

இம்முடிவிற்கு எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படலாம்.

முதல் வாதம் வணிகம் சார்ந்தது. பெருஞ்செலவில் எடுக்கப்படும் படத்திற்குப் புகழ்பெற்ற நடிகர் தேவை என்பது நியாயமே. முனியைப் பொறுத்தவரை இவ்வாதம் பொருந்தும். ரைனரைப் பொறுத்தவரை பொருந்தாது. ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ரைனரின் முதல் ஹாலிவுட் படமான ‘எஸ்கபேட்’ 1935 இல்தான் வெளிவந்தது. ‘தி கிரேட் சீக்பீல்ட்’ படத்திற்காக அவர் பெற்ற ஆஸ்கர் விருது 1937 மார்ச்சில், அதாவது ‘தி குட் எர்த்’ வெளியான பிறகு வழங்கப்பட்டது. நடிகர் தேர்வு நிகழ்ந்த காலத்தில் அமெரிக்கப் பார்வையாளருக்கு ரைனரைவிட வோங்கே நன்கு அறிமுகமானவர்.

இரண்டாவது வாதம் கலை சார்ந்தது. நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவராக மாறுவது. ஆகவே எவரும் எப்பாத்திரத்தையும் ஏற்கலாம் என்பது அவ்வாதம். கொள்கை அளவில் இது மறுக்கத்தக்கதன்று. ரைனரின் நடிப்புத்திறனும் ஐயத்திற்கு உரியதன்று. ஆனால் அவ்வுரிமை இருபாலும் ஒத்துச் செல்ல வேண்டும். வெள்ளையினத்தவர் சீனராக மாறலாம் என்ற ஹாலிவுட், சீனர் வெள்ளையினப் பாத்திரமாக மாறலாம் என்று கருதவில்லை. அதே காலத்தில் ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்திற்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மெர்ல் ஓபரானின் வாழ்வு இதனை வேறொரு கோணத்தில் உறுதிசெய்கிறது. பம்பாயில் பிறந்து, தாய்வழியில் தெற்காசிய மரபுடைய அவர் தம் பிறப்பை மறைத்தே நாயகியாக நிலைபெற்றார். ஒருவர் ஆசியராக நடித்து விருது பெற, மற்றொருவர் ஆசியர் என்பதை மறைத்து வாய்ப்புப் பெற வேண்டியிருந்தது. மாற்றுருக்கொள்ளும் உரிமை ஒரு பக்கத்தாருக்குக் கலையாகவும் மறுபக்கத்தாருக்குக் கரவாகவும் அமைந்தது.

பின்விளைவுகள்

1938 மார்ச்சில் நடைபெற்ற விழாவில் ஓ-லானாக நடித்தமைக்காக ரைனர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். பிராய்ண்ட் ஒளிப்பதிவிற்கான விருது பெற்றார். வோங் 1936 இன் தொடக்கத்திலேயே சீனப் பயணம் மேற்கொண்டிருந்தார். தம் முன்னோரின் நாட்டை முதன்முறையாகக் கண்ட அவருக்கு அங்கு வரவேற்போடு கண்டனமும் காத்திருந்தது. சீனப் பெண்களை இழிவாகக் காட்டும் பாத்திரங்களை ஏற்றவர் என்று அங்குள்ளோர் குறைகூறினர். வேறு பாத்திரங்கள் அவருக்கு வழங்கப்படவில்லை என்பதை அக்கண்டனம் கருத்திற்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சீனர் என்பதால் விலக்கப்பட்டவர், அவ்விலக்கின் விளைவாகச் சீனாவிலும் பழிசுமந்தார்.

எம்.ஜி.எம். நிறுவனம் பக்கின் மற்றொரு நாவலான ‘டிராகன் சீட்’ டை 1944 இல் படமாக்கியபோது சீனப் பெண்ணாக நடித்தவர் கேத்தரின் ஹெப்பர்ன். 1956 இல் விதித்தொகுப்பிலிருந்து இனக்கலப்புத் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் மிச்னரின் நாவலைத் தழுவி ‘சயோனரா’ வெளிவந்தது. அமெரிக்க வீரனை மணக்கும் சப்பானியப் பெண்ணாக நடித்த மியோஷி உமேகி துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். ஆனால் அதே படத்தில் சப்பானியக் கபுகிக் கலைஞராக நடித்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த ரிக்கார்டோ மான்டல்பான். விதி நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை. இ. எம். பார்ஸ்டரின் நாவலைத் தழுவி டேவிட் லீன் 1984 இல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் அஜீஸாக விக்டர் பானர்ஜி நடிக்க, பேராசிரியர் காட்போலேயாக ஆங்கிலேயரான அலெக் கின்னஸ் நடித்தார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

சி. ஒய். லீயின் நாவலிலிருந்து இசைநாடகமாகி 1961 இல் படமான ‘பிளவர் டிரம் சாங்’ பெரும்பாலும் ஆசிய மரபினரையே நடிகராகக் கொண்டது. மேடம் லியாங் பாத்திரத்தில் நடிக்க வோங் தேர்வாகியிருந்தார். உடல்நலக்குறைவால் அதில் அவர் நடிக்க இயலவில்லை. 1961 பிப்ரவரியில் அவர் காலமானார். எமி டானின் நாவலைத் தழுவிய ‘தி ஜாய் லக் கிளப்’ (1993), கெவின் குவானின் நாவலைத் தழுவிய ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ (2018) ஆகியவை ஆசிய நடிகரைத் தலைமைப் பாத்திரங்களில் கொண்டு வெற்றி பெற்றன. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைத் தம் ஆசிய அடையாளத்தை வெளிப்படையாகக் கொண்ட ஒருவர் முதன்முறையாகப் பெற்றது 2023 இல், மிஷெல் யோ வழியே நிகழ்ந்தது. ஆசியப் பாத்திரம் ஏற்ற வெள்ளையின நடிகைக்கு அவ்விருது கிடைத்து அப்போது 85 ஆண்டுகள் கடந்திருந்தன.

முடிவுரை

‘தி குட் எர்த்’ படத்தின் நடிகர் தேர்வைத் தணிக்கை விதி ஒன்றால் மட்டும் விளக்க இயலாது. விதி இல்லாத மேடையிலும், விதி இறுகாத ஆண்டுகளிலும் அதே வழக்கம் நிலவியது. விதி நீங்கிய பின்னரும் அது தொடர்ந்தது. மனைவிப் பாத்திரத்திற்கு எண்ணிப்பார்க்கப்படாத வோங் காமக்கிழத்திப் பாத்திரத்திற்குச் சோதிக்கப்பட்டார் என்ற ஒரு செய்தியே, விதிக்குப் பின்னால் இயங்கிய அளவுகோலைக் காட்டிக்கொடுக்கிறது. யாருடைய துயருக்குப் பார்வையாளர் அழ வேண்டும் என்பதே அவ்வளவுகோல். அழத்தக்க முகம் வெள்ளையினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. வெறுக்கத்தக்க முகமும் பெயரற்ற கூட்டத்தின் முகமும் சீனருக்கு விடப்பட்டன.

இதனால் தழுவல் ஆய்வுக்கு ஒரு நெறி கிடைக்கிறது. மூலநூலின் நிகழ்வுகள் எவை விடப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன என்று பட்டியலிடுவதோடு ஆய்வு நின்றுவிடுதல் போதாது. எப்பாத்திரம் எவ்வினத்தவருக்கு அளிக்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டவருக்கு மாற்றாக எது நீட்டப்பட்டது என்பனவும் ஆராயப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நடிப்பு திரையில் நிலைத்துவிடுகிறது. மறுக்கப்பட்டவரின் நடிப்பு எங்கும் பதிவாவதில்லை. வோங் ஏற்றிருக்கக்கூடிய ஓ-லான் எவ்வாறு இருந்திருப்பாள் என்பதை அறிய இன்று வழியில்லை. தழுவல் ஆய்வு திரையில் உள்ளதை விளக்குவதோடு, திரைக்கு வராமற்போன இவ்விழப்பையும் தன் கணக்கில் கொள்ளும்போதே முழுமை பெறும்.